நீட் தேவையில்லை, கவுன்சிலிங்கை விடாதீர்கள்: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஃபோன் வரத் தொடங்கிவிடும். “நர்சிங் சீட் ரெண்டுதான் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க” என்பார்கள். கட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அரசு கவுன்சிலிங்குக்கு விண்ணப்பமே முடிந்திருக்காது. அவசரப்பட்டு மேனேஜ்மெண்ட் கோட்டாவில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்ந்துவிட்டால், அரசு தரும் கட்டணச் சலுகைகளில் முக்கியமானவை கைநழுவிப் போய்விடும். அதை ஃபோனில் பேசுகிறவர் சொல்ல மாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அரசு இடங்களில் பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்றவை நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அங்கேயும் முயன்று பார்க்க நினைப்பவர்கள் மட்டும் அந்தத் தேர்வுகளைப் பற்றி யோசித்தால் போதும்.

தகுதி என்ன? இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம், அதாவது 300-க்கு 135 எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 சதவீதம் போதும். ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணமானவர்களும் சேரலாம். பெண்களுக்கு மட்டுமான படிப்பு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், ஆண்களும் படிக்கலாம்.

இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. சீட் கிடைப்பது கட்-ஆஃப் கணக்கில். கட்-ஆஃப் 200-க்குப் போடப்படுகிறது: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஒரு மாணவி உயிரியலில் 86, இயற்பியலில் 70, வேதியியலில் 78 எடுத்திருந்தால் 86, 35, 39 சேர்த்து 160. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்து உயிரியலாகக் கொள்வார்கள். உயிரியலில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபும் ஒன்று கூடும், மற்ற இரண்டில் அரை மதிப்பெண்தான் கூடும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் வைத்துப் படிப்பது நல்லது.

கவுன்சிலிங்கை நடத்துவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. பி.பார்ம்., பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்துத்தான் நர்சிங்குக்கும் அறிவிப்பு வரும், அதனால் “நர்சிங் அறிவிப்பு” என்று மட்டும் தேடினால் தவறவிட வாய்ப்புண்டு. விண்ணப்பம் ஆன்லைனில்தான். ரேங்க் பட்டியல் வந்தபின், மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி இடங்கள் நிரப்பப்படும். அரசுக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு. ஆனால் தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியாக இருந்தால் 50 சதவீதத்தை, அரசுக்கு ஒப்படைக்கின்றன. “அரசுக் கல்லூரி கிடைக்காது, எதுக்கு கவுன்சிலிங்” என்று விட்டுவிடுகிறவர்கள் இழப்பது இந்த இடங்களைத்தான். அதே கல்லூரி, அதே வகுப்பு, கட்டணம் மட்டும் வேறு.

இனி பணம். முதல் பட்டதாரி சலுகை 2010-ல் வந்தது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், அரசின் ஒற்றைச் சாளர கவுன்சிலிங்கில் தொழிற்படிப்பு சேருகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. குடும்பம் என்றால் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் அடக்கம். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்குக் கிடையாது. இது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். விடுதி, சீருடை, பேருந்து எல்லாம் நம் செலவு. மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இது பொருந்தாது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதிலும் மேனேஜ்மெண்ட் கோட்டா இடங்களுக்குக் கட்டணம் கிடைக்காது என்பதுதான் விதி. கவுன்சிலிங்கை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

புதுமைப் பெண் திட்டம் வேறு மாதிரி. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளும் சேர்க்கப்பட்டார்கள். ஆண் மாணவர்களுக்கு இதே தொகை தருவது 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். கல்லூரி அலுவலகம் அதுவாகக் கூப்பிடும் என்று காத்திருக்காமல் சேர்ந்த முதல் மாதமே போய்க் கேளுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மாணவி பெயரில் இருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் ஈ-சேவை மையத்தில் மனு போடலாம், ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொருவராகப் பார்த்து மேலே போக நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு ஊரே மனு போடும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு போட்டுவிட்டால் நிம்மதி. 6-ம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி என்பதற்கான படிப்புச் சான்றும் தேவைப்படும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டிவரும். அப்புறம் எல்லாச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியார் கல்லூரி என்றால் இரண்டு விஷயங்களை உறுதிசெய்யாமல் சேராதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, அல்லது முறையாக அங்கீகாரம் பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறதா என்பது ஒன்று. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இன்னொன்று. படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸாக வேலை பார்க்க முடியும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழ் அந்தப் பதிவுக்கு உதவாது. “நர்சிங் அசிஸ்டெண்ட்”, “ஹெல்த் அசிஸ்டெண்ட்” என்று ஓராண்டு கோர்ஸ் நடத்தும் இடங்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிறைய உண்டு. அவை வேறு படிப்பு. அதை முடித்தவர் பதிவுபெற்ற நர்ஸ் ஆகிவிட முடியாது.

சீட் கிடைத்துச் சேருவதற்குள் சில வாரங்கள் இருக்கும். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படை எல்லாம் ஆங்கிலத்தில் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த இடைவெளியில் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும் ஒருமுறை படித்துவிட்டால் முதல் மாதத் திணறல் பாதி குறையும். பாடம் தெரிந்ததுதான், பெயர்கள்தான் புதிது.

வருகைப்பதிவில் இந்தப் படிப்பு கறார். வகுப்புக்கு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. மருத்துவமனைப் பயிற்சியில் பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும், விட்ட நாளை ஈடுகட்டியாக வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பை அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

கட்-ஆஃப் எட்டாவிட்டால் ஜி.என்.எம். (பொது நர்சிங், மருத்துவச்சிப் பயிற்சி) டிப்ளமா இருக்கிறது. மூன்று ஆண்டு, அதுவும் பதிவுபெறத் தகுந்த படிப்பு. பின்னால் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம்.