கடல் உள்வாங்கினால் கடற்கரை நகருமா?

'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது' என்ற செய்தி, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் பலமுறை வந்துவிடுகிறது. பாசி படர்ந்த பாறைகள்மேல் பக்தர்கள் நின்று செல்ஃபி எடுக்கும் காட்சியும் உடன் வரும். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'அப்படியென்றால் அன்றைக்கு நம் கடற்கரை கிழக்கே நகர்ந்துவிட்டதா?' என்று கேட்டிருக்கிறார். பேச்சில் நாம் வேறுபாடின்றிப் புழங்கும் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

நீரும் நிலமும் இந்த நொடியில் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு கரைக்கோடு. புயல் நாளின் பேரலைகள் எட்டக்கூடிய உள்ளெல்லை, அதாவது பெரும்பாலும் மணற்குன்றின் அல்லது செங்குத்துப் பாறையின் அடிவாரம், கடற்கரைக்கோடு. முன்னது மணிக்கு மணி இடம் மாறும். பின்னது அரிப்பாலும் மணல் படிவதாலும் பொதுவாக ஆண்டுக்கணக்கில்தான் நகரும். ஆகவே அன்றைக்கு விலகியது கரைக்கோடுதான், கடற்கரைக்கோடு அல்ல.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, புவி மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வருவதால் ஓதத்தின் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதன்) ஏற்றமும் இறக்கமும் மிகும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் தமிழகக் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்போது, கடல் அவ்வளவு தூரம் விலகுவது எப்படி?

மாயம் சரிவில் இருக்கிறது. ஒரு டம்ளர் நீரிலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் விளிம்பு இறங்கியதே தெரியாது. அதே கரண்டி நீரை, லேசாகச் சாய்த்து வைத்த தட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், நீரின் ஓரம் சட்டென்று விலகி ஈரத்தடம் பளபளக்கும். நீர்மட்டம் செங்குத்தாக இறங்க, நம் கண் அதைக் கிடைமட்டத் தூரமாகக் காண்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில் நீர் முக்கால் மீட்டர் இறங்கினால் கரைக்கோடு ஏழரை மீட்டர் விலகும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையிலோ 75 மீட்டர். ஒடிசாவின் சாந்திப்பூரில் கடலடி ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அதே வங்கக்கடல் இறக்கத்தின்போது ஐந்து கிலோமீட்டர் வரை விலகிப்போகிறது!

2004 ஆழிப்பேரலையின் நினைவில் மக்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் ஆழிப்பேரலைக்கு முன் கடல் பின்வாங்கினால் அது சில நிமிடங்களில் நடந்துவிடும். ஓதம் இறங்கச் சுமார் ஆறு மணி நேரமாகும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ராசிபலனுக்கு நாள்தோறும் அரைப்பக்கம் ஒதுக்கும் நாளிதழ்கள் அதற்கு இரண்டு வரி ஒதுக்கினால், கடல் உள்வாங்குவது தீய சகுனம் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நிலையில்லாத கரைக்கோட்டைச் சட்டமும் நம்புவதில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோரத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட 500 மீட்டரை ஓதம் ஏறும் உச்ச எல்லையிலிருந்துதான் அளக்கச் சொல்கிறது. நீர் வற்றிய நேரம் பார்த்து ஈரமணலில் நாடாவைப் பிடித்து அளப்பவரின் கணக்கு செல்லாது.