உருமாறிய பாறை, உருகிய பாறை அன்று

‘சுண்ணாம்புக்கல் பூமிக்குள் உருகி, மறுபடி இறுகிச் சலவைக்கல் ஆகிறது.’ பாடக் காணொளிகளிலும் மொழிபெயர்த்த அறிவியல் குறிப்புகளிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ‘உருகுமாற்றப் பாறை’ என்று பெயர் சூட்டுவோரும் உண்டு.

ஆங்கிலத்தில் இந்தப் பாறை மெட்டமார்ஃபிக்: கிரேக்கத்தில் ‘மெட்டா’ மாற்றம், ‘மார்ஃபே’ உரு. 1833இல் புவியியலாளர் சார்லஸ் லயல் இவ்வகைப் பாறைக்கு வைத்த பெயர். தமிழில் உருமாறிய பாறை. அவ்வளவுதான்.

‘உரு’ வேறு, ‘உருகு’ வேறு. ஒலி ஒத்துப்போவதால் பொருளும் ஒட்டிக்கொண்டது. கல் உருகினால் பாறைக்குழம்பு; அது ஆறினால் தீப்பாறை. உருமாற்றம் நடக்கும்போது கல் திடமாகவே இருக்கிறது. சுமார் 200 டிகிரி செல்சியஸில் தொடங்கி, வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, உள்ளிருக்கும் கனிமங்கள் புதிய படிகங்களாகின்றன. ஒருபக்க அழுத்தம் இருந்தால் தகடு தகடாக வரிசைப்படுகின்றன. களிப்பாறை சிலேட்டுக்கல்லாகி, பிறகு சிஸ்ட், நைஸ் என்னும் அடுத்தடுத்த உருமாறிய பாறைகளாகப் போவது இப்படித்தான். இங்கிலாந்தின் டெலபோல் சிலேட்டுக் கல்குவாரியில் வண்ணத்துப்பூச்சி போல இழுபட்டு விரிந்த, சிப்பி போன்ற கடலுயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கல் உருகியிருந்தால் அவற்றின் தடம் தப்பியிருக்குமா?

சலவைக்கல்லுக்குச் சுண்ணாம்புக் காளவாயே சாட்சி. திறந்த காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுண்ணாம்புக்கல் உருகுவதில்லை. கரியமில வாயு வெளியேறி, நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சுகிறது. பூமியின் ஆழத்தில் அழுத்தம் அந்த வாயுவை எளிதில் வெளியேற விடாது. அதனால் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான அதே கால்சைட் பெரிய மணிகளாக வளர்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல், சலவைக்கல் இரண்டும் நுரைக்கும். பொருள் அதேதான், உருதான் வேறு.

எல்லைக்கோட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீர் கலந்திருந்தால் சுமார் 650 டிகிரிக்கு மேல் நைஸ் பாதி உருகி, வெள்ளைக் கோடுகள் ஓடும் மிக்மடைட் ஆகும். பாதி உருகியதற்கே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர்களோ முழுவதையும் உருக்கிவிடுகிறார்கள்.

‘உருமாற்றப் பாறை’ என்பதும் எனக்கு உவப்பில்லை. உருமாற்றம் நிகழ்வின் பெயர். மாறி முடிந்த கல்லை ‘உருமாறிய’ என்று சொல்லத் தமிழில் பெயரெச்சம் கையிலேயே இருக்கிறது. இலக்கணம் கொடுத்ததை விட்டுவிட்டு, ஆங்கிலப் பெயரடையைப் பார்த்துப் பெயர்ச்சொல்லை ஒட்டவைப்பானேன்?