பழைய லேத்தில் தேய்வு எங்கே ஒளிந்திருக்கும்?

வடசென்னையில் வியாசர்பாடியிலோ மூலக்கடையிலோ பழைய லேத் (கடைசல் இயந்திரம்) பார்க்கப் போனால், விற்பவர் முதலில் மோட்டாரைப் போட்டு, கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கைச் சுற்றிக் காட்டுவார். "சத்தமே இல்ல பாருங்க" என்பார். புதுப் பச்சை பெயிண்ட் பளபளக்கும். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு இவை எதிலும் பதில் இல்லை. மோட்டார், சக், பேரிங் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தாங்கும் அடித்தளமான பெட்டை மாற்ற முடியாது. வீட்டுப் பட்டறைக்கு நாலரை அடி லேத் தேடுகிறவர் பார்க்கப் போன நேரத்தில் பாதியை அந்த வார்ப்பிரும்புக்கே கொடுக்க வேண்டும்.

ஜாப், அதாவது கடையப்படும் பொருள், சுற்றுகிற அச்சும் அதை வெட்டும் டூல் நகர்கிற பாதையும் இணையாக இருப்பதில்தான் லேத்தின் துல்லியம் பெரும்பாலும் இருக்கிறது. டூலைச் சுமக்கும் சேடில், பெட்டின் மேலுள்ள வி வடிவத் தண்டவாளத்திலும் தட்டையான தண்டவாளத்திலும் வழுக்கிப் போகிறது. தண்டவாளம் எங்கே பள்ளமோ, அங்கே டூலும் விலகும்.

பள்ளம் பெரும்பாலும் சக்கை ஒட்டித்தான் விழும். பட்டறைக்கு வரும் ஜாப்களில் பெரும்பாலானவை குட்டை. சேடில் அந்த ஒரு சாண் இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் போய்வரும். பிரேக் டிரம் கடைந்த லேத் என்றால் இன்னும் கவனம் தேவை. வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயில் கலந்து, தண்டவாளத்தை அராவும் பசையாகவே மாறிவிடும். காசிமேடு பக்கம் நீளமான படகு ஷாஃப்ட் ஓட்டிய லேத்தில் தேய்வு பெட் முழுக்கப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். தேய்வு சீராக இருந்தால் பாதை நேராகவே இருக்கும். அதனால் லேத்தின் வயதைவிட, அது முன்பு என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சரி, கொஞ்சம் தேய்ந்தால் என்ன? இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 30 மி.மீ. விட்டமுள்ள ஜாப் ஓடுகிறது. டூல் முனை 0.1 மி.மீ. நேர்கீழே இறங்கினால் வட்டத்தின் தொடுகோட்டில் நகர்கிறது. விட்டம் மாறுவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதே 0.1 மி.மீ. நம் பக்கம் விலகினால் விட்டம் 0.2 மி.மீ. கூடிவிடும். முதல் பிழையைவிட இது சுமார் 300 மடங்கு.

பெட் கீழ்நோக்கித்தானே தேய்கிறது என்று ஆறுதல் அடைய முடியாது. வெட்டும் விசை டூலைக் கீழே அழுத்துகிறது. அந்த பாரத்தில் பெரும்பகுதி நம் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்குகிறது. அது பின்பக்கத்தைவிட அதிகம் தேயும்போது சேடில் நம்மை நோக்கிச் சாயும். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 200 மி.மீ., டூல் முனையின் உயரம் 150 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. கூடுதல் தேய்வு முனையை 0.075 மி.மீ. வெளியே இழுக்கும். சக்கின் அருகே ஜாப் 0.15 மி.மீ. தடித்துப் போகும். பேரிங் உட்காரும் இடத்தில் அது பெரிய தொகை.

கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. சேடில் தொடாத ஓரத்திலிருந்து வி தண்டவாளத்தின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். படி தட்டினால் தேய்வு இருக்கிறது. அப்புறம் சேடிலைச் சக்கின் அருகே கொண்டுவந்து, லாக் போல்ட்டை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கி, சக்குக்கு எதிர்முனையில் ஜாப்பின் நுனியைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகி நின்றால், தேயாத பகுதி தடித்திருக்கிறது என்று பொருள். பெட்டைக் கிரைண்டிங் கொடுத்துச் சரிசெய்ய முடியும். ஆனால் சேடில் கீழே இறங்கும், மரை வெட்டும்போது அதை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவோடு அதன் நேர்கோடு கெடும், அதையும் சீர்செய்ய வேண்டும். செலவு லேத் விலையையே தொடலாம்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றுகிறதே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நட்டை மாற்றினால் போதும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

வடசென்னையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாழ்வான பல தெருக்களில் தண்ணீர் நின்றது. சக்கைச் சுழற்றும் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த லேத்தின் கியரையும் பேரிங்கையும் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வெட்டு. 40 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக் இல்லாமல் 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள். நடுவில் ஒடுக்கி, இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் விடுங்கள். டூலின் அமைப்பை மாற்றாமல் இரண்டிலும் மெல்லிய வெட்டு ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்தால், வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருப்பது வீட்டு வேலைக்கு நல்ல லேத். அதிகமாக இருந்தாலும் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். மேடுபள்ளமான தரையில் நிற்கும் லேத்தின் பெட் முறுக்கிக்கொள்ளும். முறுக்கும் இதே பிழையைத்தான் தரும். காலுக்கடியில் தகடு கொடுத்து, பெட்டின் இரு முனையிலும் குறுக்கே வைத்த ஸ்பிரிட் லெவல் ஒரே அளவைக் காட்டும்படி செய்துவிட்டு அதே வெட்டை மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் மறைந்தால் அது தரையின் குறை. மறையவில்லை என்றால் தேய்வு, இல்லையென்றால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கிறது.