ஓக்லோ: மனிதர் தோன்றும் முன்பே இயங்கிய அணு உலை

பூமியில் எங்கு வெட்டி எடுத்தாலும் யுரேனியத்தில் யுரேனியம்-235 என்னும் ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகையின்) பங்கு 0.720 சதவீதமாகவே இருக்கும். நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகளிலும் விண்கற்களிலும்கூட அதே அளவுதான். ஆகவே 1972ஆம் ஆண்டு, பிரான்சின் பியெர்லாத்தில் உள்ள அணு எரிபொருள் ஆலையில் வழக்கமான சோதனை ஒன்றின்போது அந்த எண் 0.717 என்று வந்ததை யாரும் அலட்சியப்படுத்தவில்லை. அணுகுண்டு செய்யவும் பயன்படும் பொருள் என்பதால் அதில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். தாது வந்த வழியைப் பின்தொடர்ந்து சென்றவர்கள், மத்திய ஆப்பிரிக்க நாடான காபோனின் ஓக்லோ சுரங்கத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்து வந்த யுரேனியத்தில் சுமார் 200 கிலோ யுரேனியம்-235 குறைந்திருந்தது. சில மாதிரிகளில் அதன் பங்கு 0.44 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

யாரும் திருடவில்லை, அது எரிந்து தீர்ந்திருந்தது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தாதுப்படுகையே அணு உலையாக இயங்கியிருக்கிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பிரான்சிஸ் பெரின் அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார். இதற்குச் சாட்சி சொன்னவை அணுப்பிளவு, அதாவது யுரேனியம் அணுக்கள் உடைவது, விட்டுச்சென்ற எச்சங்கள். நியோடிமியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் கிடைக்கும் நியோடிமியத்தில் 27 சதவீதம் நியோடிமியம்-142 ஆகும். அணுப்பிளவோ இந்த வகையை உண்டாக்குவதில்லை. ஓக்லோ தாதில் அதன் பங்கு 6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அணுப்பிளவில் உருவாகும் நியோடிமியம்-143 அங்கே 24 சதவீதம் இருந்தது. இயற்கையில் அதன் பங்கு 12 சதவீதம்தான். பாறையில் முன்பே கலந்திருந்த சிறிதளவு நியோடிமியத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சிய விகிதங்கள் இன்றைய அணு உலைகளின் கழிவோடு ஒத்துப்போயின.

இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதை 1956ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய வேதியியலாளர் பால் குரோடா வகுத்துக் காட்டிய நிபந்தனைகள் பெரும்பாலும் அப்படியே ஓக்லோவில் பொருந்தியிருந்தன. முதல் நிபந்தனை எரிபொருளின் செறிவு. யுரேனியம்-235இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து போக ஆகும் காலம், சுமார் 70 கோடி ஆண்டுகள். யுரேனியத்தின் பெரும்பகுதியாக உள்ள யுரேனியம்-238க்கோ அது சுமார் 447 கோடி ஆண்டுகள். முன்னது வேகமாக அழிவதால், காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். ஓக்லோ இயங்கிய காலத்தில் அது 3 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. சாதாரண நீரைக் கொண்டு இயங்கும் இன்றைய அணு உலைகளுக்காக நாம் பெருஞ்செலவில் செறிவூட்டித் தயாரிக்கும் எரிபொருளும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

அடுத்து, தாதுப்படுகை போதிய தடிமனோடு இருக்க வேண்டும். அணுப்பிளவில் வெளிப்படும் நியூட்ரான் பயணம் செய்யும் தொலைவான சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீட்டருக்கும் அது குறைவாக இருந்தால், அடுத்த அணுவைப் பிளக்க வேண்டிய நியூட்ரான்கள் வெளியேறி வீணாகிவிடும். போரான், லித்தியம் போன்ற நியூட்ரான் விழுங்கிகளும் அங்கே அதிகம் இருக்கக் கூடாது.

செறிவு அதிகமாக இருந்ததுதான் காரணம் என்றால், அதற்கும் முந்தைய காலத்தில் இத்தகைய உலைகள் இன்னும் எளிதாக மூண்டிருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். இதற்கான விடை உயிரினங்களிடம் இருக்கிறது என்பதே இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. ஆக்சிஜன் இல்லாத நீரில் யுரேனியம் எளிதில் கரையாது. பாறைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கையால் வெளியிட்ட ஆக்சிஜன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கிய பிறகே, யுரேனியம் நீரில் கரைந்து ஓடி, கரிமப் பொருள் நிறைந்த படிவுகளைச் சந்தித்த இடங்களில் மீண்டும் திடமாகப் படிந்து குவிந்தது. அதற்கு முன் எரிபொருள் வளமாக இருந்தும் ஓரிடத்தில் சேரவில்லை. அதற்கு வெகுகாலம் பின்னரோ, சேர்ந்திருந்தும் வளம் போதவில்லை.

மூண்ட உலை ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு மண்ணுக்குள் கசிந்த நீரே காரணம். பிளவில் வெளிப்படும் நியூட்ரான்கள் மிக வேகமானவை; அந்த வேகத்தில் அவை அடுத்த யுரேனியம்-235 அணுவைப் பிளக்கும் வாய்ப்புக் குறைவு. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் மோதி வேகம் தணிந்த பிறகே அவை, ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையைத் தாங்கி நடத்தும். ஆனால் தொடர்வினையின் வெப்பம் ஏற ஏற அந்த நீரே கொதித்து வெளியேறிவிடும். வேகம் தணிக்க ஆள் இல்லாததால் வினை தானாகவே நின்றுவிடும். பாறை ஆறியதும் நீர் மீண்டும் கசிந்து உள்ளே வரும், வினை மறுபடியும் தொடங்கும்.

இந்தச் சுழற்சியின் கால அளவைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் மெஷிக் குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, உலை சுமார் 30 நிமிடங்கள் இயங்கி, பின்னர் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஓய்ந்திருந்தது. அவர்கள் துருவியது, தாதுக்குள் இருந்த அலுமினியம் பாஸ்பேட் துகள்களில் சிறைப்பட்டிருந்த செனான் வாயுவை. அணுப்பிளவுக்குப் பின் செனானின் வெவ்வேறு ஐசோடோப்புகள் வெவ்வேறு நேரத்தில் உருவாகின்றன. சில உடனடியாக, சில பல மணி நேரம் கழித்து. உலை சூடாக இருந்தபோது உருவானவை தப்பிச் சென்றன. அது ஆறிய பிறகு உருவானவை துகள்களுக்குள் சிக்கிக்கொண்டன. எந்த வகை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதிலிருந்து ஓய்வு நேரம் கணக்கிடப்பட்டது. 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றின் மணிக்கணக்கை ஒரு துகளிலிருந்து படிக்க முடிவது அரிய சாதனை.

ஓக்லோவிலும் அதன் சுற்றுப்புறத்திலுமாக 15க்கும் மேற்பட்ட இடங்களில் இத்தகைய உலைகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் சராசரித் திறன் 100 கிலோவாட் அளவே இருந்தாலும், அவை சில லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டு இயங்கின. அப்போது உருவான புளூட்டோனியம் இடம் பெயராமல் அங்கேயே சிதைந்து மறைந்தது. அணுக்கழிவை நிலத்தடியில் புதைப்பது பற்றி ஆராய்பவர்கள் ஓக்லோவைக் கவனமாகப் படிப்பதற்கு இதுவே காரணம்.

இயற்பியலாளர்களுக்கு அந்தத் தாதில் வேறொரு பயனும் இருந்தது. சமேரியம் என்ற உலோகத்தின் ஒரு வகையான சமேரியம்-149 மெதுவான நியூட்ரான்களை மிகத் தீவிரமாக விழுங்கக்கூடியது. இந்தத் தீவிரம் மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்ணமைப்பு மாறிலியைப் பெரிதும் சார்ந்தது. ரஷ்யரான அலெக்சாண்டர் ஷ்லியாக்தர் 1976ஆம் ஆண்டு இதைப் பயன்படுத்தி, ஓக்லோ காலத்திலும் சமேரியம் இன்று போலவே நியூட்ரான்களை விழுங்கியதா என்று சோதித்தார். 1996ஆம் ஆண்டு திபோ தமூரும் ஃப்ரீமன் டைசனும் அதே கணக்கை மேலும் நுணுக்கமாகச் செய்து பார்த்தபோது, இந்த 200 கோடி ஆண்டுகளில் அந்த மாறிலி ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.