ஈசிஎம்: இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி

"ஈசிஎம் போச்சு." பிக்கப் வண்டி சூடானதும் அணைந்து, ஆறியதும் மறுபடி கிளம்பினாலோ, பழுதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியும் வண்டி பதிலே தராவிட்டாலோ, பட்டறையில் முதலில் காதில் விழுவது இதுதான். அந்த மூன்று எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், பல நேரம் அந்தப் பெட்டி போகவே இல்லை என்பதும் தெரியவரும்.

ஈசிஎம் என்பது 'இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூல்' என்பதன் முதலெழுத்துகள். இதையே ஈசியூ என்பவர்களும் உண்டு. அது 'இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்'. ஆனால் வண்டியில் உள்ள எந்த மின்னணுப் பெட்டிக்கும் 'எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்' என்ற பொருளில் ஈசியூ என்றே பெயர் இருப்பதால் குழப்பம் வரும். மூன்றாவது பெயர் பிசிஎம், அதாவது 'பவர்ட்ரெயின் கன்ட்ரோல் மாட்யூல்': இன்ஜினோடு கியர்பாக்ஸையும் சேர்த்துக் கவனிப்பது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஜே1930 என்ற தரநிலையில் ஈசிஎம், பிசிஎம் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 1998க்கும் 2002க்கும் இடையே வந்த 24 வால்வு கம்மின்ஸ் டீசல் இன்ஜின் பூட்டிய டாட்ஜ் ராம் பிக்கப்பில் இரண்டு பெட்டியும் உண்டு. ஈசிஎம் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலேயே போல்ட் போட்டு நிற்கும். பிசிஎம் இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும். பெயரை மாற்றிச் சொன்னால் வேறொரு பெட்டி வந்து சேரும்.

இனி வேர்ச்சொல். 'மாட்யூல்' லத்தீன் 'மாடுலஸ்' என்பதிலிருந்து வந்தது. பொருள், சிறிய அளவு. தமிழ் 'அலகு' என்பதற்கும் அளவு என்ற பொருள் உண்டு என்பதால், 'கட்டுப்பாட்டு அலகு' என்று மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அலகு என்றவுடன் மீட்டரும் கிலோவும்தான் நினைவுக்கு வரும். ஒரு பெட்டி வராது.

'கன்ட்ரோல்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரொட்டுலஸ்' என்றால் எதிர்ச்சுருள். கணக்கு எழுதிய ஒரு சுருளுக்கு எதிராக இன்னொரு சுருள் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அடக்கி ஆள்வது என்ற பொருள் பிறகு வந்தது. முதலில் இருந்தது சரிபார்ப்பு. ஈசிஎம் செய்யும் வேலையும் பாதிக்கு மேல் அதுதான். எவ்வளவு காற்று உள்ளே போனது, தண்ணீர் எவ்வளவு சூடு, கிராங்க் ஷாஃப்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, பெட்ரோல் வண்டியானால் எரிபொருளையும் ஸ்பார்க் நேரத்தையும் தீர்மானிக்கும். அப்புறம் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரிடம் கேட்டு, போட்ட கணக்கு சரியா என்று பார்த்துத் திருத்தும்.

இதே வேலையை மின்னணு இல்லாமல் செய்த முன்னோடி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமான இன்ஜினான பிஎம்டபிள்யூ 801இல் 'கொமாண்டோகெரேட்' என்ற எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவி இருந்தது. விமானி ஒரே நெம்புகோலை நகர்த்தினால் போதும். எரிபொருள் கலவை, ஸ்பார்க் நேரம், விமானத்தை இழுக்கும் விசிறியின் (புரொப்பெல்லர்) சாய்வு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பெயரின் பொருள் ஆணைக் கருவி. தரை வண்டிகளுக்கு 1967இல் பாஷ் நிறுவனம் மின்னணு எரிபொருள் பாய்ச்சலைக் கொண்டுவந்தது; 1979இல் அதே நிறுவனத்தின் மோட்ரானிக், எரிபொருளையும் ஸ்பார்க்கையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது.

தமிழில் என்ன சொல்லலாம்? செய்திகளில் 'வண்டியின் மூளை' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. மூளை என்றதும் எல்லாக் கோளாறும் அதன் தலையில் விழுகிறது. இன்ஜினுக்கு 'எந்திரம்' நல்ல பழைய சொல். சங்கப் பாடல்களிலேயே கரும்பாலையைக் 'கரும்பின் எந்திரம்' என்கிறார்கள். ஆனால் இன்று அது எல்லா மெஷினையும் குறிக்கிறது. 'பொறி' என்றால் தீப்பொறியும் நினைவுக்கு வருகிறது, ஸ்பார்க் பற்றிப் பேசும் இடத்தில் அது தொல்லை. அதனால் 'இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி' என்பது என் தேர்வு. பேச்சில் 'இன்ஜின் கணினி' போதும். கணினி என்ற சொல் அது என்ன பொருள் என்பதை நேராகச் சொல்லிவிடுகிறது: உள்ளீடு வாங்கி, கணக்குப் போட்டு, விடை தருவது. தப்பான உள்ளீடு போனால் தப்பான விடைதான் வரும் என்பது கணினி தெரிந்த எல்லோருக்கும் புரியும்.

பழுதறிதலும் அங்கேதான் தொடங்குகிறது. கணினிக்குச் சரியான மின்சாரமும் எர்த்தும் வருகிறதா என்று பார்க்காமல் அதைக் கழற்றவே கூடாது. மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதைக் கணினியின் எர்த் பின்னிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எங்கோ துருவோ, தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. வேலை ஐந்து நிமிடம். ஒரு புதிய பெட்டியின் விலையை அது மிச்சப்படுத்தக்கூடும்.

அடுத்தது 5 வோல்ட் லைன். பல சென்சார்களுக்குக் கணினி ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் சரிந்து, கணினியே செத்தது போலத் தோன்றும். சாவியைப் போட்டு வைத்துக்கொண்டு, சென்சார்களில் வயர் செருகும் கப்ளர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். ஒன்றை உருவியதும் 5 வோல்ட் திரும்பினால் ஆள் அகப்பட்டுவிட்டது. ஸ்கேனர் பேசவில்லை என்றால், கேன் இணைப்பு (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே ஓம் அளக்கலாம். அந்த வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையோ வழியில் வயரோ அறுந்திருக்கிறது.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடுகளில் பி0601 முதல் பி0606 வரை கணினியின் நினைவகத்தையும் செயலியையும் சுட்டுபவை. இவற்றை நம்பலாம், மின்சாரமும் எர்த்தும் சரியென்று பார்த்த பிறகு. யூ0100 வந்தால் மற்ற பெட்டிகள் இதனோடு பேச முடியவில்லை என்றுதான் பொருள்; ஃபியூஸ் எரிந்தாலும் அதே குறியீடு வரும்.

கணினி நிஜமாகவே போவதும் உண்டு. கப்ளர் வழியாகத் தண்ணீர் இறங்கி, அதன் பின்கள் பச்சை பூத்திருக்கும். இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் ஈயப்பற்று விரிசல் விடும். 1990களின் பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரித்திருக்கும். இன்னொரு வகை, ஷார்ட் ஆன இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடுவது. இந்த வகையில் காயிலையும் இன்ஜெக்டரையும் அளந்து பார்க்காமல் புதிய பெட்டியைப் பூட்டினால் அதுவும் எரியும்.

மாற்றும்போது வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பது போதாது, பாக எண் பொருந்த வேண்டும். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான அண்மைக்கால வண்டிகளில் புதிய பெட்டிக்கு வண்டியின் அடையாள எண்ணையும் அதற்குரிய மென்பொருளையும் ஏற்றி, திருட்டுத் தடுப்போடும் சாவியோடும் இணைக்க வேண்டியிருக்கும். மென்பொருள் ஏறும் நேரம் முழுக்கப் பேட்டரிக்குச் சீரான மின்சாரம் வரும்படி சார்ஜர் போட்டு வைப்பது கட்டாயம். பாதியில் வோல்ட் இறங்கினால் நல்ல பெட்டியும் வீணாகும். பழைய பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஎம்மா பிசிஎம்மா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் பாக எண்ணிலேயே கிடைத்துவிடும்.