ஆறிவிட்டது என்று நினைத்து ரியாக்டரைத் திறக்காதீர்கள்

எரிபொருள் கலத்துக்கு ஹைட்ரஜன் தயாரிக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில், அறை வெப்பநிலைக்கு வந்துவிட்ட ஷிஃப்ட் ரியாக்டரின் (கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும் கலன்) மூடியைக் கழற்றிச் சில நிமிடங்களிலேயே உள்ளிருந்த வினையூக்கிக் குருணைகள் தணலாகக் கனன்றன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. இப்படிப்பட்ட செய்தி என்னிடம் வருவது இது முதல் முறை அல்ல, ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் சமாதானமும் ஒன்றே: "வினையூக்கிதானே, அது மாறாதே!"

வினையூக்கி இறுதியில் மாறாதிருக்கும் என்று பள்ளியில் படித்த வரி, அது விரைவுபடுத்தும் அந்த ஒரு வினைக்கு மட்டுமே பொருந்தும். காற்றோ கந்தகமோ பட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நாம் ரியாக்டரில் கொட்டும் கறுப்புக் குருணை காப்பர் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா ஆகியவற்றின் கலவை. அது காற்றில் சும்மா கிடக்கும். நீர்த்த ஹைட்ரஜனால் ஒடுக்கிய (அதாவது, ஆக்சிஜனை நீக்கிய) பிறகோ, அதிலுள்ள காப்பர் மிக நுண்ணிய உலோகத் துகள்களாக மாறிவிடுகிறது. காற்றுப் பட்டதும் அத்துகள்கள் மீண்டும் ஆக்சைடாகும்போது எழும் வெப்பம், வெளியேற வழியின்றிக் குருணைப் படுக்கைக்குள்ளேயே சேர்கிறது. உள்ளே போட்ட பொருளும் வெளியே எடுக்கும் பொருளும் ஒன்றல்ல என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது?

எல்.பி.ஜி.யில் ரிஃபார்மர் (எரிபொருளிலிருந்து ஹைட்ரஜன் தயாரிக்கும் கலன்) ஓட்டுபவர்களும் இதே வரியை நம்பிக் கந்தகநீக்கியைத் தவிர்க்கிறார்கள். கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் வாசனைப் பொருளான மெர்காப்டனே கந்தகச் சேர்மம்தான். அது ரிஃபார்மரிலுள்ள நிக்கலையும் ஷிஃப்ட் ரியாக்டரிலுள்ள காப்பரையும் கெடுத்து, கடைசியில் எரிபொருள் கலத்திலுள்ள பிளாட்டினத்தையும் கெடுக்கும். வாகன எரிபொருள் கலங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14687 தரம் ஹைட்ரஜனில் அனுமதிக்கும் கந்தகம் 0.004 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.004 பங்கு) மட்டுமே.

திறப்பதற்கு முன் நைட்ரஜன் ஓட்டத்தில் மிகச் சிறிதளவு காற்றைக் கலந்து, படுக்கையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகக் கூட்டுங்கள். வெப்பநிலை ஏறினால் உடனே காற்றை நிறுத்துங்கள். நைட்ரஜன் நிரம்பிய கலனுக்குள் சுவாசிக்க ஆக்சிஜன் இருக்காது; ஒரு நொடிகூடத் தலையை நுழைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஓடும்போது நிக்கல் படுக்கையை 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறவிடாதீர்கள். அங்கே உருவாகக்கூடிய நிக்கல் கார்பனைல் கொடிய நஞ்சு. எடுத்த குருணையை மூடியுள்ள உலோக டிரம்மில், நைட்ரஜன் நிரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். தயவுசெய்து, விற்பனையாளர் தரும் ஒடுக்குதல், வெளியேற்றுதல் வழிமுறைகளை ரியாக்டரை நிரப்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.