கிரீக்கிங்: மலையோடையில் கயாக் விடுவது

போன ஐப்பசியில் ஒரு நாள், காரைக்குடி வீட்டு முகப்பில் வைத்து அக்காள் மகன் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினான். நம் வீட்டு நடை அகலம்கூட இல்லாத பாறை இடுக்கு. அதற்குள் தண்ணீர் நுங்கும் நுரையுமாக விழுகிறது. ஆளுயரத்தைவிடச் சற்றே நீளமான படகில் ஒருவர் அதோடு சேர்ந்து கீழே இறங்குகிறார். "இதுக்குப் பேரு கிரீக்கிங், அம்மான். தமிழ்ல என்ன சொல்றது?" என்றான். "ஓடைப் படகு" என்றேன். சொன்ன எனக்கே அது பிடிக்கவில்லை.

சரி, சொல்லிலிருந்தே தொடங்குவோம். கிரீக் என்றால் நமக்குச் செய்தித்தாளில் பழகிய பொருள் உப்பங்கழி. கட்ச் எல்லைத் தகராறில் அடிபடும் சர் கிரீக் அப்படிப்பட்ட கழிதான். கடல் நிலத்துக்குள் குறுகி நுழையும் இடம் அது. பிரிட்டனில் இன்றும் முதன்மையாக இதே பொருள்தான். பழைய நார்ஸ் மொழியில் 'மூலை, முடுக்கு' என்று பொருள் தந்த சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கழி வழியாக உள்ளே போய், அதில் வந்து சேரும் ஓடைகளையும் அதே பெயரால் அழைக்க, அங்கே கிரீக் என்றால் ஓடை என்றாகிவிட்டது. கிரீக்கிங் பிறந்தது இந்த அமெரிக்கப் பொருளிலிருந்து. எனவே 'கழியோட்டம்' என்று பெயர்த்தால் படகு மலையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போய்விடும்.

அடுத்தது கயாக். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களுடைய சொல். மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, மேற்புறத்தையும் மூடி, ஆள் உட்காரும் துளை மட்டும் விட்ட வேட்டைப் படகு. இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். உட்கார்ந்தவரின் இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை போல உறை வரும். அதன் விளிம்பைத் துளையின் விளிம்பில் மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. கவிழ்ந்தாலும் இடுப்பை வெடுக்கென்று திருப்பி, துடுப்பால் தண்ணீரை அழுத்தி நிமிர்ந்துவிடலாம். ஓடம், வள்ளம், பரிசல் எல்லாமே மேலே திறந்தவை. அதனால் கயாக்கை 'ஓடம்' என்று மாற்ற எனக்கு மனம் வரவில்லை. நம் கட்டுமரத்தை ஆங்கிலம் அதே பெயரோடு வாங்கிக்கொண்டது. பொருளோடு பெயரும் வருவதில் குறைவு ஒன்றுமில்லை.

இனி, ஆறு வேறு, இந்த ஓடை வேறு. ரிஷிகேஷில் பத்துப் பேர் ரப்பர் மிதவையில் போவது பெரிய ஆற்றில். கிரீக்கிங் நடப்பதோ குறுகலான, தண்ணீர் குறைந்த, சரிவு மிகுந்த ஓடையில். மைலுக்கு 100 அடிக்கு மேல் இறங்கினால் செங்குத்து ஓடை என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். படிப்படியாக விழும் சிற்றருவிகள், நடுவே மூச்சு வாங்க ஒரு சிறு மடு, மறுபடி விழுதல். அருவி விளிம்பில் துடுப்பை அழுத்திப் படகின் மூக்கைத் தூக்கி, அடிப்பாகம் தட்டையாகப் படும்படி விழுவதற்கு 'பூஃப்' என்று பெயர். படகு தண்ணீரில் அறையும் சத்தமே பெயராகிவிட்டது. நம் 'தொப்பென்று' போல. மூக்கு கீழே குத்தினால் பாறையில் மோதலாம், அல்லது அருவியின் காலடியிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அந்த மாட்டிக்கொள்வதைத்தான் அக்காள் மகனுக்கு நேரில் காட்டினேன். மறுநாள் பக்கத்து ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. உபரிநீர் வழியும் சுவரான கலுங்குக்குக் கீழே தண்ணீர் அமைதியாகத்தான் தெரிந்தது. நீர்பாய்ச்சிப் பெரியவர் ஒரு பனங்காயை மேலிருந்து உருட்டி விட்டார். விழுந்தது, முங்கியது, நாலடி தள்ளி எழுந்தது, அப்புறம் ஓட்டத்தோடு போகாமல் திரும்பக் கலுங்குச் சுவருக்கே வந்து முங்கியது. ஆறேழு தடவை அப்படியே. "மேல பாக்கச் சாதுவா இருக்கும் தம்பி, கீழ இழுப்பு" என்றார். விழும் நீர் அடியில் பாய, அந்த இடத்தை நிரப்ப மேல்நீர் பின்னோக்கி வருகிறது. ஓடைக்காரர்கள் இதை 'ஹோல்' என்கிறார்கள். எனக்கு 'இழுப்பு' போதும். அதனால்தான் தேர்ந்தவர்கள்கூட முதலில் கரையேறி நடந்து பார்க்கிறார்கள். இழுப்பு பலமாக இருந்தாலோ, விழுந்த மரம் குறுக்கே கிடந்தாலோ, கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறார்கள். மரக்கிளை தண்ணீரை விடும், ஆளை விடாது.

ஆங்கிலத்தின் 'ஒயிட்வாட்டர்' தமிழில் 'வெள்ளைநீர்' ஆகியிருப்பதையும் சொல்ல வேண்டும். கேட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் நினைவுதான் வருகிறது. வெண்மைக்குக் காரணம் கலந்த காற்று. ஆகவே நுரைநீர். நுரை மிகுந்த நீர் படகை அவ்வளவாகத் தாங்காது என்பதும் அந்தப் பெயரிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தக் காட்சிக்குத் தமிழில் பழைய சொல்லும் இருக்கிறது. அதுவும் எங்கள் பக்கத்துக்காரர் வாக்கில். கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி. 'யாதும் ஊரே' பாட்டில் அவர், கல்லை மோதி ஒலிக்கும் பேராற்றில் 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்கிறார். புணை என்பது மிதவை, தெப்பம். அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் புணை நீர் போகும் வழியே போகும். கயாக்கில் இருப்பவர் அப்படிப் போனால் நேராக இழுப்புக்குள்தான் போவார். நீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ, குறுக்காகவோ, தன் வழியைத் துடுப்பால் பிடிக்க வேண்டும். அந்தச் செயல் சொல்லில் வர வேண்டும்.

காட்டாறு என்றால் திடீர் வெள்ளம் முன்னே நிற்கிறது. மலையோடை என்றால் சரிவும் வருகிறது, குறுகலும் வருகிறது. வினைக்குப் பரிசல் விடுவது போல 'விடு'. ஆக, பேச்சில் 'மலையோடையில் கயாக் விடுவது', பெயராக எழுதும்போது 'மலையோடைக் கயாக் ஓட்டம்'.

பையனுக்கு அதைச் செய்தியாக அனுப்பினேன். மழைக்காலத்தில் கோழிக்கோட்டுக் கோடஞ்சேரிப் பக்கம், சாலிப்புழாவிலும் இருவஞ்ஞிப்புழாவிலும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும். அடுத்த ஆண்டு அதைப் பார்க்கப் போகிறானாம். பதிலில் இப்படி எழுதியிருந்தான்: "மலையோடையில கயாக் விடுறதப் பாக்கப் போறேன், அம்மான். நீங்களும் வாங்க."